மொகஞ்சதாரோவைத் தின்னும் உப்பு

"மண்ணுக்குள் ஏறக்குறைய நாலாயிரம் வருஷம் கெடாமல் இருந்த செங்கல், தோண்டியெடுத்த நூறு வருஷத்துக்குள் ஏன் பொடிப்பொடியாக உதிர்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2022 ஆகஸ்ட் பெருமழையில் மொகஞ்சதாரோவின் சில சுவர்கள் சரிந்தபோது அது செய்தியானது. ஆனால் மழையே இல்லாத நாளிலும் அங்கே சுவர் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. காரணம் உப்பு.

மொகஞ்சதாரோ இருக்கும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு அதிகம். 1932இல் சிந்து நதியின் குறுக்கே சக்கர் தடுப்பணை வந்து கால்வாய்ப் பாசனம் பரவியதும் நீர்மட்டம் ஏறியது. செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஓதம் மேலேறுவது பள்ளியில் படித்ததுதான். புதைந்து கிடந்தவரை அந்த ஈரம் ஆவியாக வழியில்லை, உப்பும் கரைந்தபடியே கிடந்தது. 1920களின் அகழாய்வு சுவர்களை வெயிலுக்குக் கொண்டுவந்தது. நீர் பறந்துவிட, உப்பு செங்கல்லுக்குள் தங்கிவிட்டது.

அதில் மோசமானது சோடியம் சல்பேட். இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நீரே இல்லாத தெனார்டைட் ஒன்று. ஒவ்வொரு அலகும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட மிராபிலைட் மற்றொன்று. இரண்டாவது பிடிக்கும் இடம் முதலாவதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். கரைசலில் இவற்றின் எல்லைக்கோடு 32.4 டிகிரி செல்சியஸ். பகல் வெயிலில் காய்ந்து தெனார்டைட்டாகக் கிடக்கும் உப்பின்மீது குளிர்ந்த விடியலில் பனி இறங்குகிறது. தெனார்டைட் கரைகிறது. அப்படிக் கிடைக்கும் கரைசல், அந்தக் குளிரில் மிராபிலைட் கரைந்திருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு செறிவானது. மிச்ச உப்பு ஒரேயடியாக மிராபிலைட் படிகமாக வெடித்து வளர்கிறது.

துளை நிரம்பியதும் படிகம் வளர்வதை நிறுத்திவிடலாமே? இந்த இடம்தான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. படிகமும் துளையின் சுவரும் ஒன்றையொன்று விலக்குவதால், இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் தடிமனில் ஒரு நீர்ப்படலம் எப்போதும் மிஞ்சுகிறது. அந்த இடுக்கு வழியாக அயனிகள் தொடர்ந்து வந்து படிகத்தில் ஒட்டுகின்றன. படிகம் சுவரைத் தொடாமலே அதைத் தள்ளுகிறது! செங்கல் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். உள்ளிருந்து பிளக்கும் விசைக்கு எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்பு செதில் செதிலாகக் கழன்று விழுகிறது.

1974இல் யுனெஸ்கோ உலக அளவில் நிதி திரட்டத் தொடங்கியது. குழாய்க் கிணறுகள் வழியே நீரை இறைத்து நிலத்தடி மட்டத்தைக் கீழே இறக்கினார்கள். அவசியமான வேலைதான். ஆனால் ஏற்கெனவே சுவருக்குள் ஏறிவிட்ட உப்பைக் கிளப்பிவிடக் காற்றின் ஈரப்பதமே போதும்.

அதற்கு அங்கே கையாளும் வைத்தியம் சேற்றுப் பூச்சு. உப்பில்லாத மண்ணைக் குழைத்துச் சுவரில் அப்புகிறார்கள். ஈரம் இப்போது செங்கல்லின் பரப்பில் ஆவியாகாமல் பூச்சின் பரப்பில் ஆவியாகிறது. உப்பும் அதோடு வெளியே வந்து, பூச்சுக்குள் படிகமாகிறது. பொரிந்து உதிர்வது சேறு, தப்பிப்பது செங்கல். பிறகு அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சிமென்ட் இதற்கு நேர்மாறு: ஈரத்தை உள்ளேயே பூட்டி இன்னும் மேலே ஏற்றும், தன் பங்குக்கு உப்பையும் சேர்க்கும். நம் ஊர்க் கடலோர வீடுகளில் உப்பரித்த சுவருக்குச் சிமென்ட் பூசியவர்கள், ஒரு முழம் மேலே மறுபடி உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பார்கள்.

சேறு மலிவு. ஆனால் அதை ஓயாமல் பூசிக்கொண்டே இருக்கக் கைகள் வேண்டும், ஆண்டுதோறும் சம்பளம் வேண்டும். உலகெங்கும் பாரம்பரியச் சின்னங்களுக்கான பணம் ஒருமுறை திறந்துவைக்கும் பெரிய திட்டங்களுக்கே எளிதாகக் கிடைக்கிறது. பராமரிப்புக் கூலிக்குக் கிடைப்பதில்லை. இது மாறியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மொகஞ்சதாரோவின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. தோண்டிய சுவர்களுக்கு நிரந்தரமாகச் சேறு பூச ஆளும் பணமும் உறுதியாகும்வரை அந்தப் பகுதியில் மண்வெட்டி படக்கூடாது. கீழடியில் பல குழிகளை ஆய்வு முடிந்ததும் மண்ணால் மூடியதும் செங்கல்லுக்கு நல்லதே.