'வயசுக்கு உண்டான மாற்றம்' என்று விட்டுவிடாதீர்கள்

பெங்களூரில் எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். போன மாதம் அல்சூரிலிருந்து ஒரு பெரியவரை அவர் மகள் அழைத்து வந்தார். காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியிருக்கிறது, பேச்சும் குழறியிருக்கிறது. தாமதிக்காமல் கிளம்பி வந்துவிட்டார்கள். அது நல்லதாய்ப் போயிற்று.

மூளையின் இடது பக்க ஆழத்தில், கொண்டைக்கடலை அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. புது அடைப்பு.

"இத்துனூண்டுதானா டாக்டர்? அப்போ பயமில்லையே?" என்றார் மகள்.

அவரைத் திரைக்கு அருகே கூப்பிட்டு மற்றப் படங்களையும் காட்டினேன். ஃபிளேர் என்ற வகை எம்ஆர்ஐ படத்தில், மூளை நடுவிலுள்ள நீர் அறைகளைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள், சுண்ணாம்பு பூசியது போல. வேறு இரண்டு இடங்களில் சின்னக் குழிகள். முன்பு எப்போதோ வந்துபோன அடைப்புகளின் தழும்பு. 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும் இவற்றை லக்கூன் என்போம். ரத்தக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் எஸ்டபிள்யூஐ என்ற வகைப் படத்தில் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள். அவை நுண்ணிய ரத்தக் கசிவுகள், சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாதவை.

"அப்பாவுக்கு இதுக்கு முன்னாடி ஸ்ட்ரோக்கே வந்ததில்லையே!"

வந்திருக்கிறது, சத்தமில்லாமல். மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதவை. பல வருஷம் பிரஷர் அதிகமாகவே இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, சில அடைபடும், சில கசியும். அந்தத் திட்டு, குழி, கறுப்புப் புள்ளி எல்லாம் இதனால் வருபவை. அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று இந்தச் சிறு குழாய்களால் வருவதுதான். கறுப்புப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரஷர். மூளையின் மேல்விளிம்பில் மட்டும் இருந்தால் அமிலாய்டு என்ற புரதம் குழாய்ச் சுவரில் படிந்திருக்குமோ என்று யோசிப்போம். இவருக்கு எல்லாமே ஆழத்தில்.

அப்புறம்தான் மகள் மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் தலைசுற்றலுக்காக வேறோர் இடத்தில் எடுத்தது. கடைசி வரியில் 'வயதுக்கேற்ற மாற்றங்கள்' என்று மட்டும் இருந்தது. அந்த ஃபிலிமிலும் திட்டுகள் இருந்தன, கொஞ்சம் குறைவாக. "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று பெரியவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

இதை எழுதவே மனசு கஷ்டப்படுகிறது. அந்த வரியை எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். வயதானால் லேசான திட்டு வருவது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டு எவ்வளவு என்று எண்ணில் சொல்ல 1987 முதலே ஃபசேகாஸ் அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 3 வரை. அந்த எண்ணைப் போட ஒரு நிமிஷம் ஆகாது. இப்போது நான் எண் போடாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்தச் சிறு குழாய்ப் பாதிப்பின் அடையாளம் வீட்டிலும் தெரியும். காலைத் தேய்த்துத் தேய்த்துச் சின்ன அடியாக நடப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவது, கேட்டதற்குப் பதில் வர நேரமாவது, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பது. ஆறு மாதமாக அப்பாவுக்குச் செருப்பு காலில் நிற்பதில்லை என்று மகள் அப்போதுதான் சொன்னார்.

"ஆஞ்சியோ பண்ணி அடைப்பை எடுத்துடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். இவ்வளவு மெல்லிய குழாய்க்குள் ஸ்டென்ட் போகாது. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரையை வருஷக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று, இப்படிச் சிறு குழாய் அடைப்பால் ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் நடத்திய எஸ்பிஎஸ்3 என்ற ஆய்வில் பார்த்தார்கள். மறுபடி ஸ்ட்ரோக் வருவது குறையவில்லை, ரத்தக் கசிவுதான் கூடியது. அதற்காகக் கறுப்புப் புள்ளி என்று கேட்டதும் நீங்களாகவே ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். உண்மையில் கைகொடுப்பது பிரஷர் கட்டுப்பாடு. பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே வேண்டும். அதோடு சுகர், கொழுப்பு, பீடி சிகரெட்டை விடுவது.

போன வாரம் மகள் மறுபடி வந்தார். பழைய ஃபிலிம், புது ஃபிலிம், சிடி டிஸ்க் எல்லாம் ஒரே உறையில். கூடவே கோடு போட்ட ஒரு நோட்டு. காலை, மாலை பிரஷர் எண்கள், பெரியவரின் கையெழுத்திலேயே. கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் எண்களைப் படிக்க முடிகிறது. கடைசி மூன்று நாளும் 130-க்குக் கீழே.