"தனியாத்தான் நின்னுச்சு"

பிரேதப் பரிசோதனைக்கு வந்த அந்தப் புள்ளிமானின் கழுத்தில் பைக் கிளட்ச் ஒயரில் செய்த சுருக்கு இறுகிக் கிடந்தது. ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் கத்தி வைக்கும் முன் மடியைப் பார்த்தேன். நான்கு காம்புகளும் விறைத்திருந்தன. ஒன்றை லேசாக அழுத்தியதும் கெட்டியான பால் கையுறைமேல் வழிந்தது.

"குட்டி ஏதாச்சும் பக்கத்துல இருந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர். சுத்தியும் பாத்துட்டுத்தானுங்க எடுத்தாந்தோம்" என்றார் வேட்டைத் தடுப்புக் காவலர்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பப் போய்த் தேடச் சொன்னேன். மறுநாள் காலையில் போன் வந்தது. சுருக்கு இருந்த இடத்திலிருந்து நூறடிகூட இருக்காது, உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்திருக்கிறது. முந்தின நாள் மூன்று பேர் அந்தப் புதரை உரசிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். எடுக்கும்போது உயிர் இருந்தது. ஜீப்பில் வரும் வழியிலேயே போய்விட்டது.

சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கம் காட்டோர ஊர்களில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் நான். மான் வேட்டையில் பிடிபட்டவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். பலரும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "தனியாத்தான் நின்னுச்சுங்க. குட்டியோட இருந்தா நாங்க தொடமாட்டோம்." இதைச் சொல்கிறவர்களை நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் என்று நான் ஒதுக்கமாட்டேன். குட்டிக்காரியைக் கொல்லக்கூடாது என்ற கூச்சம் உள்ளே இருப்பதால்தான் இந்தச் சமாதானமே தேவைப்படுகிறது. ஆனால் அண்மையில் ஈன்ற மான் பெரும்பாலும் குட்டியில்லாமல்தான் நிற்கும்.

பிறந்து சில நாள்வரை மான்குட்டி தாயின் பின்னால் ஓடித் திரியாது. தாய் அதை நக்கிச் சுத்தம் செய்து, புதரிலோ உயரமான புல்லிலோ படுக்கவிட்டு, விலகிப் போய் மேயும். குட்டியின் கழிவைக்கூட வாடை கிளம்பாதபடி நக்கித் தின்றுவிடும். நாளைக்குச் சில தடவை வந்து பால் கொடுக்கும், மறுபடி விலகிவிடும். பக்கத்திலேயே நின்றால் செந்நாய்க்கு அதுவே இடம் காட்டிக்கொடுத்ததாகிவிடும் அல்லவா? ஆபத்து நெருங்கினால் குட்டி கழுத்தைத் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். முதுகுப் புள்ளிகள் சருகில் விழும் வெயில் பொட்டுகளோடு கலந்துபோகும். பட்டப்பகலில் காட்டிலேயே பழகியவர்கள் கண்ணுக்குத் தப்பியது, ராத்திரியில் டார்ச் கட்டிக்கொண்டு நாட்டுத் துப்பாக்கியோடு போகிறவருக்கா தெரியப்போகிறது? அவர் பார்ப்பது பளிச்சென்று மின்னும் இரண்டு கண்களை மட்டும். சுருக்குக் கம்பிக்கு அதுவும் கிடையாது.

சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் பாடிய கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வேடனிடம் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்ச, நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்பார். (பெண்மானுக்கும் பிணை என்றுதான் பெயர், ஜாமீனுக்கும் பிணைதான். தமிழ் சில நேரம் இப்படி விளையாடும்.) அந்த மானும் வேடன் கையில் அகப்பட்டபோது குட்டி கூட இல்லை.

கல்லூரி மாணவர்களிடம் இதைப் பேசப் போனபோது ஒரு பையன் கேட்டான்: "குட்டி போடுற மாசத்தை விட்டுட்டு மத்த மாசம் வேட்டையாட விட்டா என்ன சார்? வெளிநாட்டுல அப்படித்தானே?"

நல்ல கேள்வி. ஜெர்மனியில் உரிமம் உள்ளவர்கள் சட்டப்படியே மான் சுடுகிறார்கள். அடித்துத் தின்னும் விலங்குகள் குறைந்துபோய், மான் பெருகி, மரக்கன்றுகளைத் தழைக்கவிடாமல் மேய்ந்துவிடுகிறது என்பது அங்குள்ள காரணம். எண்ணிக்கையைக் குறைக்கப் பெண்மானையும் சுட்டாக வேண்டும். ஆனாலும் அவர்களுடைய வேட்டைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, குட்டி தானாகப் பிழைக்கும்வரை அதை வளர்க்கத் தேவையான தாயைச் சுடக்கூடாது என்கிறது. மீறினால் 5 ஆண்டுவரை சிறை. செம்மான் வேட்டையில் இன்னொரு நடைமுறையும் உண்டு: முதலில் கன்று, அப்புறம்தான் தாய். கேட்கவே வயிற்றைப் பிசைகிறது, எனக்கும்தான். ஆனால் தாயை இழந்த செம்மான் கன்றுக்குக் கூட்டத்தில் மரியாதை போய்விடும். ஒதுக்கப்பட்டு, இளைத்து, பல கன்றுகள் பனிக்காலத்தைத் தாண்டுவதில்லை. அதனால் தாய் தனியாக நிற்பதைப் பார்த்தால், கன்று எங்கோ படுத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு துப்பாக்கியை இறக்க வேண்டும் என்பதே அங்கே நல்ல வேட்டைக்காரரிடம் எதிர்பார்ப்பது. நம்மூர்ச் சமாதானத்துக்கு நேர் எதிர்.

அங்கே கன்றுகள் பெரும்பாலும் மே, ஜூனில் பிறந்துவிடுவதால் நாட்காட்டியை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம். புள்ளிமானிடம் அந்தக் கணக்கு செல்லாது. சினைக்காலம் ஏழரை, எட்டு மாதம். வருடம் முழுக்க ஈனும், நம் பக்கம் வருடத்தின் முதல் பாதியில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வளர்ந்த பெட்டை என்றால் எந்த மாதத்திலும் வயிற்றில் ஒன்றோ புதரில் ஒன்றோ இருக்க நிறைய வாய்ப்புண்டு. கூடவே ஓடும் அளவுக்குக் குட்டி வளர்ந்த தாயைத் திறந்து பார்த்தால் அடுத்த கரு இருக்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்துவிட்டது. பலருக்குத் தெரியாதது, அந்தச் சட்டம் 'வேட்டை' என்று எதைச் சொல்கிறது என்பது. கொல்வது மட்டும் அல்ல, பிடிப்பதும் சுருக்கு வைப்பதும் விரட்டுவதும், அதற்கு முயல்வதும் வேட்டைதான். அப்படிப் பார்த்தால் என்னிடம் அட்டைப்பெட்டியில் குட்டியைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர், தெரியாமலே வேட்டைக்காரர்கள்.

ஒரு மாலை அப்படித்தான் ஒரு பெரியவர் வந்தார். சோளக்காட்டு ஓரத்தில் கிடந்ததாம். "நாய் கடிச்சுப் போட்டுருமுன்னு தூக்கியாந்துட்டனுங்க. பால் குடுத்தாக் குடிக்கமாட்டேங்குது." பசும்பால், பிள்ளைப் புட்டியில். நல்லவேளை குடிக்கவில்லை. மான்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல ஏறத்தாழ இரண்டு பங்கு. பசும்பாலில் குட்டிக்கு வயிறு கழியும், வளர்ச்சியும் தங்காது. மல்லாத்திப் போட்டுப் புகட்டினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். பிடித்த பயத்திலேயே தசை சிதைந்து, ஓட்டமும் நடையும் நின்று, இரண்டொரு நாளில் செத்த மான்களும் உண்டு. தப்பிப் பிழைத்து வீட்டில் வளர்ந்த கிடா, கொம்பு முளைத்ததும் வளர்த்தவர் தொடையிலேயே குத்தும்.

குட்டியைச் சோதித்தேன். தொப்புள்கொடி காயவில்லை, வயிறு காலியில்லை. தாய் காலையில்தான் பால் கொடுத்திருக்கிறாள்.

"எடுத்த இடத்துலயே விட்டுரலாங்க" என்றேன்.

"மனுசங் கை பட்டா ஆத்தா சேத்துக்காதுங்களே?"

ஊரெல்லாம் நம்பும் பேச்சு இது. அன்றைக்கே திரும்ப விட்ட குட்டிகளைத் தாய் ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடிபட்டிருந்தாலோ, பக்கத்தில் தாய் செத்துக் கிடந்தாலோ கதை வேறு. அப்போதும் தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குத்தான் முதல் போன்.

வனத்துறைக்குச் சொல்லி, வனக்காவலர் ஒருவரோடு மூவரும் போனோம். சோளக்காட்டு ஓரத்தில் குட்டியைப் படுக்கவைத்துவிட்டு, காற்று எங்கள் பக்கம் வீசும்படி தூரமாய் வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தாய் வெளியே வந்தது. முன்னங்காலால் தரையைத் தட்டியது, நின்றது, பின்வாங்கியது. மூன்று தடவை இதே கதை. அப்போதுதான் காவலர் என் தோளைத் தொட்டு, குட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் மறந்துவிட்டு வந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார்.

அவரே தவழ்ந்து போய் எடுத்துவந்தார். கால் மணி நேரம் கழித்துத் தாய் திரும்ப வந்து, தலையைக் குனிந்து நக்க ஆரம்பித்தது. குட்டி எழுந்து மடியைத் தேடியது.

"அப்ப அது பொட்டிக்குத்தான் பயந்துச்சுங்களா?" என்று காதருகே கேட்டார் பெரியவர். பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தார்.