ரிலாக்ஸர்: தளர்த்தியா, நேராக்கியா, இளக்கியா?

“உங்கள் தளர்ந்த கூந்தலை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி?” என்ற காணொளித் தலைப்பைப் போன வாரம் நான்காவது முறையாகப் பார்த்தேன். முதல் மூன்று முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போனேன். இந்த முறை அதைக் கைப்பேசியில் நீட்டியவள் என் சித்தி மகள். “அக்கா, தளர்ந்த கூந்தல்னா தளரப் பின்னின சடையா? இல்ல, கொட்டிப்போய் மெலிஞ்ச முடியா?”

இரண்டும் இல்லை. சுருட்டை முடியின் சுருளை எடுக்கப் பூசும் ரசாயனக் களிம்புதான் ரிலாக்ஸர். அதைப் போட்ட முடியை ஆங்கிலத்தில் ‘ரிலாக்ஸ்டு ஹேர்’ என்பார்கள், அதைத்தான் ‘தளர்ந்த கூந்தல்’ ஆக்கியிருக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் அவள் ரிலாக்ஸர் போட்டிருந்தாள். தலைப்பு பேசுவது தன் தலையைப் பற்றித்தான் என்பது அவளுக்கே தெரியவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு தோற்றதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சொல்லின் பிறப்பைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் லாக்ஸஸ் என்றால் இறுக்கமில்லாதது. அதிலிருந்து ரிலாக்ஸாரே: இளக்குதல், நெகிழ்த்தி விடுதல். ரிலீஸ், லீஸ், லாக்ஸடிவ் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஓய்வெடுத்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் பிற்பாடு வந்து சேர்ந்தது. நமக்கோ அந்தக் கடைக்குட்டிதான் முதலில் அறிமுகம். அதனால்தான் ‘ஓய்வான முடி’ என்றுகூட ஒரு காணொளியின் அடிவரியில் படிக்கக் கிடைத்தது. பாவம், என்ன வேலை செய்து களைத்ததோ!

காரம் பூசிச் சுருளை எடுக்கும் வழக்கம் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது. காரெட் மார்கன் என்ற கண்டுபிடிப்பாளர் 1909 வாக்கில் தையல் இயந்திர ஊசிக்கு மெருகேற்றும் திரவம் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கை துடைத்த துணியின் இழைகள் நேராகிக் கிடந்ததைக் கண்டு, பக்கத்து வீட்டு நாயின் மேல் பூசிச் சோதித்தார் என்பது அடிக்கடி சொல்லப்படும் கதை. அவர் விற்ற களிம்பின் பெயரில் ரிலாக்ஸ் கிடையாது. முடியைச் ‘செம்மையாக்குவது’ என்றுதான் விற்றார். ரிலாக்ஸர் என்பதும் அதே வியாபார நாசூக்கு. எரிகாரம் என்று டப்பாவில் எழுதினால் யார் வாங்குவார்கள்?

உள்ளே நடப்பது இது. முடி என்பது கெராட்டின் புரதம். அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்து வைத்திருப்பது இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்த பாலம். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம், பிஎச் அளவு 12க்கும் மேலே, முடியை ஊதவைத்து உள்ளே புகுந்து அந்தப் பாலத்தை உடைக்கிறது. ஒரு கந்தகம் கழன்று வெளியேற, மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துப் புதுப் பிணைப்பு உண்டாகிறது. பழைய சுருள் அந்த முடிக்குத் திரும்பவே திரும்பாது. வேரிலிருந்து புதிதாக வளர்ந்தால்தான் உண்டு.

இப்போது ‘தளர்த்தி’க்கு வருவோம். ‘தசை தளர்த்தி’ என்று மருத்துவத்தில் இருக்கிறதே, அதே அச்சில் ‘முடி தளர்த்தி’ என்று சொன்னால் என்ன என்று வாதாடுகிறார்கள். இறுகிய தசை மருந்தால் தளர்கிறது, மருந்தின் வேகம் இறங்கியதும் பழைய நிலைக்கு வருகிறது. அங்கே தளர்த்தி பொருந்தும். முடியில் நடப்பது திரும்பி வராத மாற்றம். தவிர, கூந்தல் பக்கத்தில் நின்றால் ‘தளர’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது: தளரப் பின்னுவது, தளர முடிவது. தளர் நடை, தளர்ந்த உடம்பு, மனத்தளர்ச்சி என்று மற்ற இடங்களில் எல்லாம் வலுக்குறைவு. முடி உதிர்கிறதே என்று கவலையில் இருப்பவளிடம் போய் ‘உன் தளர்ந்த கூந்தல்’ என்றால் அவள் என்ன நினைப்பாள்?

இதில் இலக்கணப் பிழையும் சேர்ந்திருக்கிறது. தளர்ந்த என்பது தன்வினை, தளர்த்திய என்பது பிறவினை. முடி தானாகத் தளரவில்லை. ஒருவர் கையுறை போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, களிம்பு பூசி அதை மாற்றியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரே வடிவம் இரண்டுக்கும் நிற்கும். தமிழில் எழுத்தை மாற்றியே வேறுபாடு காட்ட முடிகிறபோது அதை வீணடிப்பானேன்?

தளர்த்தியாவது வெறும் அசட்டுத்தனம். ‘நேராக்கி’ ஆபத்து. கேட்க நல்ல தமிழாக இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிற மாதிரியும் இருக்கிறது, அதுதான் சிக்கலே. சூடான இரும்புத் தகட்டுக் கருவிக்கும் இதே பெயர். அந்தச் சூடு ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் கலைக்கும். தலையில் தண்ணீர் பட்டால் சுருள் திரும்பிவிடும். ரீபாண்டிங் என்று தயோகிளைகோலேட் என்ற வேறொரு ரசாயனம் போட்டுச் செய்வதற்கும் இதே பெயர். அதில் பிரிந்த கந்தகப் பாலத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு மறுபடி பூட்டுவார்கள். மூன்றாவதாக, ஹைட்ராக்சைடு ரிலாக்ஸரும் நேராக்கிதானாம்! தயோகிளைகோலேட் போட்ட முடியின் மேல் ஹைட்ராக்சைடு பட்டால் முடி நடுவில் அறுந்து கையோடு வரும். “ஏற்கெனவே நேராக்கிய முடியில் இதைப் பூசாதீர்கள்” என்று ஒரு தமிழ்க் குறிப்பில் கண்டேன். எதைக் கொண்டு நேராக்கிய முடி? எச்சரிக்கையே புரியாதபடி எச்சரித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ரிலாக்ஸர் போடுகிற எல்லோரும் முடியைக் கம்பி மாதிரி ஆக்குவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும்போதே கழுவிவிடுவார்கள். முழுக்க எடுத்தால் முடியில் உயிர்ப்பு இருக்காது. நேராகாத முடிக்கு நேராக்கிய முடி என்ற பெயரா? ‘நேராக்குதல்’ என்ற சொல்லுக்குள் சுருட்டை என்றால் கோணல் என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. கூந்தலை ஐம்பால் என்று ஐந்தாகப் பகுத்து, சுருண்ட மயிருக்கு அளகம் என்று தனிப்பெயர் வைத்த மொழியில் அந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்துகிறது.

என் கட்சி ‘சுருளிளக்கி’. மெழுகு இளகும், உலையில் இரும்பு இளகும். இளகியது புது வடிவம் எடுத்து அப்படியே இறுகும். களிம்புக்கு அடியில் நடப்பதும் அதுதான். லாக்ஸடிவுக்கு ‘மலமிளக்கி’ என்று முன்னோர் போட்ட பாதையும் இருக்கிறது. ஒரே வேர், ஒரே தமிழ். இதைச் சொன்னதும் தோழி ஒருத்தி சிரித்தாள்: “இளக்கின்னா எனக்கு விளக்கெண்ணெய்தான்டி ஞாபகம் வருது.” வரட்டுமே, அந்த எண்ணெயைத் தலைக்கும்தானே தேய்க்கிறோம்! களிம்பு சுருளிளக்கி, போட்டுக்கொண்ட முடி இளக்கிய முடி. ‘இளகிய முடி’ அல்ல. மறுபடி பிறவினையைக் கவனியுங்கள். வாயில் நுழையவில்லை என்றால் ரிலாக்ஸர் என்றே எழுதுங்கள், எனக்குச் சம்மதம். தப்பான தமிழை விட ஒழுங்கான கடன்சொல் எவ்வளவோ மேல்.

தலைச்சொல்லிலேயே சறுக்கியவர்கள் மற்றச் சொற்களை விட்டுவைப்பார்களா? லை என்றால் எரிகாரம். நோ லை என்ற வகையை, பொய்யைக் குறிக்கும் அதே ஒலியுள்ள ஆங்கிலச் சொல் என்று நினைத்து, ‘பொய் இல்லாதது’ என்று போட்டிருந்தார் ஒருவர். அரிச்சந்திரன் பூசிக்கொள்வான் போல. சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாதது என்பதுதான் பொருள். அதற்குப் பதில் கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது நீர்த்த சுண்ணாம்பும், குவானிடின் கார்பனேட்டும் இருக்கும். பூசும் நேரத்தில் இரண்டையும் கலக்க வேண்டும். அதுவும் காரம்தான். தோலுக்குச் சற்று மென்மை, ஆனால் முடியில் கால்சியம் படிந்து வறட்டும். அந்தப் படிவை எடுக்கத் தனி ஷாம்பு உண்டு. பொய்யில்லாத டப்பாவை நம்பியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

‘முதலில் அடித்தளம் அமைக்கவும்’ என்று இன்னொரு வரி. வீடு கட்டவா? உச்சந்தலை, நெற்றியோரம், காதுமடல் எல்லாம் வாசலின் தடவச் சொல்கிறார்கள், காரம் பட்டுப் புண்ணாகாமல் இருக்க. ‘நடுநிலையாக்கும் ஷாம்பு’ மட்டும் சரியான தமிழ். பள்ளிப் புத்தகத்துக்கு நன்றி. அந்த ஷாம்பு சிலவற்றில் நிறங்காட்டி கலந்திருக்கும். காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாகும், வெள்ளையாகும் வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது ‘புதிய வளர்ச்சி’யில்தான். இளக்கிய பிறகு வேரில் சுருண்டு வரும் முடி அது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் மட்டும் பூச வேண்டும். ‘புதிய வளர்ச்சிக்குப் பூசவும்’ என்று எழுதினால், முடி வளரப் பூசும் தைலம் என்றுதானே படும்? சித்தி மகள் அப்படித்தான் படித்திருக்கிறாள். ஒன்றரை மாதத்துக்கு முன்பு பூசியது இரண்டாம் தடவை. வேரிலிருந்து நுனி வரை பூசியிருக்கிறாள். என் எதிரிலேயே நனைந்த முடி ஒன்றை இரு விரலில் பிடித்து இழுத்துக் காட்டினாள். ரப்பர் மாதிரி நீண்டது, திரும்பிச் சுருங்கவில்லை, சத்தமே இல்லாமல் அறுந்தது.

‘முளைமுடி’ என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அடிமுடி என்றும் சொல்லலாம், ஆனால் அண்ணாமலையார் குறுக்கே வந்துவிடுவார். முளைமுடியும் இளக்கிய முடியும் சேரும் இடம்தான் இருப்பதிலேயே பலவீனமானது. அதற்கு ‘எல்லைக்கோடு’ என்று போடுகிறார்கள். நான் ‘சந்தி’ என்கிறேன். அகலப் பல் சீப்பை நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏற்றி, சந்தி வந்ததும் கையை நிதானப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். இரவில் பட்டுத்துணி கட்டிக்கொள்கிறாள். அவள் காட்டிய காணொளியின் அடிவரிகளைத் திருத்தி அனுப்பினோம். ‘தளர்ந்த கூந்தல்’ இன்னும் அப்படியே இருக்கிறது. ‘பொய் இல்லாதது’ மட்டும் ‘பொய்யற்றது’ ஆகியிருக்கிறது.