டிஸ்லெக்சியா: பெரியவர்களைக் குறிக்கப் பிறந்த சொல்

டிஸ்லெக்சியா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்றாம் வகுப்பில் எழுத்துகளை மாற்றிப்போடும் ஒரு பிள்ளைதான். அது குழந்தைகளுக்கு வருவது, வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சொல்லை உருவாக்கியவர் எழுதியது குழந்தைகளைப் பற்றியே அல்ல. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கண் மருத்துவராக இருந்த ருடால்ஃப் பெர்லின், மூளைப் பாதிப்பால் வாசிப்பு தடுமாறிப்போன பெரியவர்களைப் பற்றி 1887இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுக்குப் பார்வை நன்றாக இருந்தது, பேச்சும் இருந்தது. அச்சிட்ட வரிகளைத் தொடர்ந்து வாசிக்க மட்டும் முடியவில்லை. வாசிப்பு முழுக்கப் போய்விட்ட நிலைக்கு 'அலெக்சியா' என்ற சொல் இருந்தது. ஓரளவு மிஞ்சி, ஆனால் பெரும்பாடாக இருக்கும் நிலைக்கு அவர் வைத்த பெயர் 'டிஸ்லெக்சியா'.

கிரேக்கத்தில் 'டிஸ்' என்ற முன்னொட்டு கடினம், கோளாறு என்ற பொருளைத் தரும். 'லெக்சிஸ்' என்றால் சொல், பேச்சு. கிரேக்கச் சொல்லில் வாசித்தல் என்ற பொருள் கிடையாது. அந்தப் பொருள் 'வாசி' என்று பொருள்படும் லத்தீன் வினை 'லெகெரே'யின் சாயலில் வந்து ஒட்டிக்கொண்டது. வேரை மட்டும் பார்த்தால் இதற்குச் 'சொல்லில் இடர்' என்றுதான் பொருள். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிக்கல் கண்ணில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது, அந்த ஒலிகளை எழுத்தோடு சட்டென்று பொருத்துவது, இந்த இரண்டு வேலைகளும்தான் சிலருக்கு மெதுவாக நடக்கின்றன.

குழந்தைகளை நோக்கி இந்தக் கருத்து நகர்ந்தது இங்கிலாந்தில். சசெக்ஸ் மாவட்டத்தின் சீஃபோர்ட் ஊர் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், எண்களைத் தடையின்றி வாசிப்பான், கணக்கு போடுவான். வாசிக்கவும் எழுதவும்தான் வரவில்லை. தன் பெயரை எழுதும்போதுகூட எழுத்து இடம்மாறி 'பிரெசி' ஆகிவிடும். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே முதல் ஆளாக இவன்தான் இருப்பான் என்று அவன் ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். மார்கன் பயன்படுத்திய பெயர் 'பிறவிச் சொற்குருடு'. சொற்குருடு என்ற கருத்தை 1877இலேயே ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் வழங்கியிருந்தார். கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் அதே பெயரில் 1917இல் ஒரு நூலே எழுதினார். தொடக்க ஆட்களில் இத்தனை பேர் கண் மருத்துவர்களாக இருந்ததில் வியப்பில்லை. எழுத்து தெரியவில்லை என்றால் முதலில் கண்ணைத்தானே காட்டுவோம்? இன்றும் நம் வீடுகளில் அதுதான் நடக்கிறது. கண்ணாடி மாற்றி, மறுபடி கண்ணாடி மாற்றி, வருடங்கள் ஓடிவிடுகின்றன.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'சொற்குருடு' வேண்டாம். கண்ணில் இல்லாத பழியைக் கண்மேல் போடுகிறது. 'எழுத்து மயக்கம்' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தமிழ் இலக்கணத்தில் 'மெய்ம்மயக்கம்' போன்ற சொற்களில் 'மயக்கம்' வேறு வேலை செய்கிறது, எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதை அது குறிக்கும். செய்தித்தாள்களில் அதிகம் காண்பது 'கற்றல் குறைபாடு'. இது டிஸ்லெக்சியாவுக்கு நேர்ச்சொல் அல்ல. எழுதுவதில் வரும் சிக்கல், கணக்கில் வரும் சிக்கல் எல்லாவற்றையும் சேர்த்த குடும்பப் பெயர் அது. தவிர, கற்கும் திறனே குறைவு என்ற தொனியும் அதில் இருக்கிறது. வாய்மொழியில் நன்றாகக் கற்றுக்கொள்ளக்கூடிய பெர்சிக்கு இது பொருந்துமா?

நமக்கு இருக்கும் இன்னொரு தொல்லை 'படிப்பு' என்ற சொல். தமிழில் படிப்பது என்றால் எழுத்தைப் பார்த்து வாசிப்பதும்தான், கல்வி கற்பதும்தான். 'அவனுக்குப் படிக்க வராது' என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது வரியை வாசிப்பதைச் சொல்கிறதா, அறிவைச் சொல்கிறதா என்று பிரிக்கவே முடியாது. கேட்பவர்கள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது, நாற்பது வயதுவரை சுமக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாமல் குறி மட்டும் இடுபவரைச் சொன்ன 'தற்குறி' வசைச்சொல் ஆனதும் இதே மனப்பான்மையில்தான். அதனால் இந்தச் சொல்லை ஆக்கும்போது 'படிப்பு' பக்கமே போகாமல் 'வாசிப்பு' என்று எடுப்பது நல்லது.

'டிஸ்' என்பதற்கு இலங்கைத் தமிழ்க் கல்வித்துறையில் நல்ல வழக்கு ஒன்று இருக்கிறது. அங்கே ஆசிரியர்கள் 'கற்றல் இடர்ப்பாடு' என்று எழுதுகிறார்கள். இடர்ப்பாடு என்றால் வழியில் வரும் தடை, சிரமம். ஆளிடம் ஏதோ குறைகிறது என்று அது சொல்லவில்லை. ஆகவே டிஸ்லெக்சியாவுக்கு 'வாசிப்பு இடர்ப்பாடு' என்றே சொல்லலாம் என்பது என் முடிவு. டிஸ்கிராஃபியாவுக்கு எழுத்து இடர்ப்பாடு, டிஸ்கால்குலியாவுக்குக் கணக்கு இடர்ப்பாடு என்று வரிசையாக வரும். அலெக்சியாவை 'வாசிப்பிழப்பு' என்று தனியே வைக்கலாம். இந்தப் பிரிவினை மருத்துவத்துக்கும் தேவை: நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென வாசிக்க முடியாமல் போனால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரை பேசுவது சின்ன வயதிலிருந்தே கூட வரும் இடர்ப்பாட்டை.

அது வளர்ந்தபின் போய்விடுவதில்லை, உருமாறுகிறது. நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் ஒரு மாணவி. வகுப்பில் அவள் கேட்கும் கேள்விகளைக் கேட்டால் முதுகலை மாணவியோ என்று தோன்றும். உரக்க வாசிக்கச் சொன்னால் 'தோட்டத்தில்' என்பது 'தொட்டதில்' ஆகும், பிறகு தானே திரும்பிப் போய்த் திருத்துவாள். 'தோ' எழுத்தைப் பாருங்கள்: இரட்டைக்கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலி அந்த இரண்டும் சேர்ந்தது. கண் பார்க்கும் வரிசை ஒன்று, வாய் ஒலிக்கும் வரிசை வேறு. பெரும்பாலோருக்கு இது பழகி மறந்துபோகும். அவளுக்கு ஒவ்வொரு கொம்பும் புதிதாக எதிர்ப்படுகிறது. ஒரு பக்கம் வாசித்து முடிக்கும்போது சோர்ந்துவிடுவாள், ஆனால் பொருளைக் கேட்டால் பிசகில்லாமல் சொல்வாள். பெரியவர்களிடம் அதிகம் தெரிவது இதுதான்: பிழை குறைந்திருக்கும், வேகம் வந்திருக்காது. படிவம் நிரப்பச் சொன்னால் 'வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பித் தருகிறேன்' என்பார்கள். அலுவலக மின்னஞ்சலை நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரக்கூடாது. பேச்சில் வேறுபாடு மங்கிப்போனதால் அந்தப் பிழை எல்லோருக்கும் வருகிறது.

அடுத்த சொல், மதிப்பீடு. இதைப் பலர் 'டெஸ்ட்' என்கிறார்கள், சிலர் 'நோய் கண்டறிதல்' என்று எழுதுகிறார்கள். வாசிப்பு இடர்ப்பாடு நோயல்ல. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அது தெரியாது. மதிப்பீடு என்பதே பொருத்தம், ஏனென்றால் அங்கே நடப்பது பல திறன்களைத் தனித்தனியாக அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரிடம் போனால் முதலில் நீண்ட பேச்சு இருக்கும். எப்போது பேச ஆரம்பித்தீர்கள், எந்த வகுப்பில் சிரமம் தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்பார்கள். இது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால்தான் கடைசிக் கேள்வி. தன் பிள்ளைக்காக வந்து உட்கார்ந்து, கேள்விகளைக் கேட்கக் கேட்கத் தன்னையே அடையாளம் காணும் அப்பா, அம்மாக்கள் நிறைய. பார்வையும் செவியும் சரியாக உள்ளனவா என்று உறுதி செய்த பிறகு, நேரம் குறித்து வாசிக்கச் சொல்வார்கள். சொல்வதை எழுதச் சொல்வார்கள். எண்களை வரிசையாகச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பகுத்தறியும் திறனை அளக்க, 16 வயது முதல் 90 வயதுவரைக்கான வெக்ஸ்லர் அளவுகோல் போன்றவை இருக்கின்றன.

இவற்றில் முக்கியமானது பொருளற்ற சொற்களை வாசிப்பது. 'மேலுகோ', 'திபாணை' மாதிரி எந்த மொழியிலும் இல்லாத சொற்களாக இருக்கும். வளர்ந்தவர்கள் வருடக்கணக்கில் சொற்களின் உருவத்தை மனப்பாடம் செய்து சமாளித்திருப்பார்கள். 'மருத்துவமனை' என்பதை எழுத்துக் கூட்டாமலே சொல்லிவிடுவார்கள். இதுவரை பார்த்திராத 'திபாணை'க்கு அந்த உதவி கிடைக்காது, எழுத்தை ஒலியாக மாற்றித்தான் ஆக வேண்டும். நான் சொன்ன மாணவி அங்கேதான் நின்றுவிட்டதாகச் சொன்னாள்.

தமிழர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் மதிப்பிட்டால் போதாது. ஆங்கிலம் சரியாகக் கற்பிக்கப்படாததால் தடுமாறுபவரும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ளவரும் அந்தத் தாளில் ஒரே மாதிரித் தெரிவார்கள். தாய்மொழியிலும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, அதற்குள் டிஸ்லெக்சியா பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் நடைமுறை குழந்தைகளைச் சுற்றியே அமைந்தது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி எட்டு வயதிலிருந்து சான்று பெறலாம், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு, 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது. அதே வழிகாட்டுதல் கேட்ட பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தின் தேர்வுத் தொகுப்போ 12 வயதுவரைக்கும் உருவாக்கப்பட்டது. பதினெட்டு வயதுக்காரரைப் பன்னிரண்டு வயது அளவுகோலில் நிறுத்துவது நியாயமே இல்லை. பள்ளியில் எவரும் கவனிக்காமல் 25 வயதில் முதல்முறையாக வருபவர் அந்த ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. 2024இல் வழிகாட்டுதல்கள் திருத்தி வெளியாயின. ஆகவே விண்ணப்பிக்கும் முன் அரசு மருத்துவமனையில் அன்றைய விதியை நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

தனியார் உளவியலாளர் தரும் அறிக்கையும் அரசுச் சான்றும் வேறு வேறு. அறிக்கை உங்களை நீங்கள் புரிந்துகொள்ள, கல்லூரியிலோ அலுவலகத்திலோ பேச உதவும். இடஒதுக்கீட்டுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்கும் அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். இடஒதுக்கீட்டுக்குப் பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. தேர்வில் நாம் சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் ஒருவரை வைத்துக்கொள்ள அந்த வரம்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்த தேர்வரான விகாஷ் குமாருக்கு இருந்தது கையால் எழுதுவதில் இடர்ப்பாடு. அதன் தொடர்ச்சியாக 2022இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது.

மதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய ரேங்க் கார்டுகள், ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள், கிடைத்தால் ஒரு பழைய கட்டுரை நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, ஆவணமாக இருக்கும் பழைய கற்றல் சிரம வரலாற்றை மதிப்பீட்டுத் தேர்வுகளின் மதிப்பெண்களுக்கு ஈடாகவே ஏற்கலாம் என்கிறது. பரணில் கிடக்கும் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.