ஆச்சி ஏன் நன்னாரியைக் கொதிக்க விடவில்லை?

பங்குனி பிறந்துவிட்டால் அம்பாசமுத்திரத்து வீட்டில் ஆச்சி நன்னாரி வேரோடு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு விஷயங்களில் ரொம்பக் கறார். வேரை அம்மியில் வைத்து லேசாகத் தட்டி, மேல்பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் வெள்ளைக் குச்சியைத் தூக்கி எறிவாள். பட்டையை ஒருபோதும் அடுப்பிலேற்றிக் கொதிக்க விடமாட்டாள். வெந்நீரை ஊற்றி, மூடி போட்டு, மூடிக்கு மேல் குழவியை வைத்துவிட்டால் விடியும்வரை யாரும் தொடக்கூடாது. "கொதிக்க விட்டா என்னலே மிஞ்சும்? வாசம் பூரா தெருவுக்குப் போயிரும்" என்பாள்.

இது வெறும் வீட்டுப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கல்லூரியில் கரிம வேதியியல் படித்தபோதுதான் ஆச்சி சொன்னதன் முழு அர்த்தமும் புரிந்தது.

நன்னாரி வாசத்தின் பெரும்பங்கு ஒரே மூலக்கூறுக்குச் சொந்தம். 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு என்று நீளமான பெயர். ஆறு மூலை கொண்ட ஒரு வளையம், அதில் மூன்று மூலைகளில் ஹைட்ராக்ஸில், மெத்தாக்ஸி, ஆல்டிஹைடு என்ற மூன்று சின்ன அணுக்கூட்டங்கள் தொங்கட்டானாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்ஸிஜன், அவ்வளவுதான். ஐஸ்கிரீமில் போடும் வெனிலாவின் வாசமூலமான வெனிலினுக்கும் இதே கணக்குத்தான், தொங்கட்டான்களும் அதே மூன்றுதான். தொங்கவிட்ட மூலைகள் மட்டும் வேறு. நன்னாரி சர்பத்தில் வெனிலாவின் சாயல் அடிப்பது இதனால்தான்.

மூலை மாறியதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். வெனிலினில் ஹைட்ராக்ஸில் தொங்கட்டான் ஆல்டிஹைடுக்கு நேர் எதிர் மூலையில் நிற்கிறது. அதன் ஹைட்ரஜன் கை நீட்டினால் பக்கத்து மூலக்கூறுதான் அகப்படும். இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியாக உட்கார்ந்திருப்பதால் வெனிலின் உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நன்னாரியின் மூலக்கூறில் அந்த இரண்டும் அடுத்தடுத்த மூலைகள். அதனால் ஹைட்ரஜன் தன் வீட்டு ஆல்டிஹைடையே பிடித்துக்கொள்கிறது, அக்கம்பக்கத்தோடு ஒட்டு உறவு குறைவு. உருகுநிலை ஏறக்குறைய 42 டிகிரிதான். அக்னி நட்சத்திரத்துப் பாளையங்கோட்டையில் அதை வெளியே வைத்தால் உருகினாலும் உருகிவிடும்!

பிடிப்பு குறைந்த மூலக்கூறு லேசில் பறக்கும். தண்ணீரிலும் அது கொஞ்சமாகத்தான் கரையும். ஆகவே திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் நீராவியோடு தொற்றிக்கொண்டு கிளம்பிவிடும். ஆய்வுக்கூடத்தில் நன்னாரி எண்ணெயைப் பிரிப்பதும் இதே குணத்தை வைத்துத்தான்: வேருக்குள் நீராவியைச் செலுத்தி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். ஆச்சிக்குக் குளிர்விக்கும் குழாய் இல்லை, மூடியும் குழவியும் இருந்தன. சரி, அந்த வெள்ளைக் குச்சி? அது தண்ணீர் ஏற்றும் கட்டைப் பகுதி. வாசமெல்லாம் பட்டையில்தான் சேர்ந்திருக்கிறது.

செடியைப் பார்த்திராதவர்களுக்கு: வேலியிலும் புதரிலும் ஓடைக்கரையிலும் சுற்றிப் படரும் மெல்லிய கொடி. கிள்ளினால் பால் வடியும். ஒரே கொடியில்கூட இலை ஒரே மாதிரி இருக்காது, சிலது ஊசிபோலக் குறுகல், சிலது அகலம். நடு நரம்பையொட்டி வெளிறிய கோடு ஓடுவது நல்ல அடையாளம். தாவரவியல் பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். எருக்கு இருக்கும் அதே குடும்பம். பழந்தமிழில் நாறுதல் என்றால் மணத்தல்தான், இன்று அது கெட்ட வார்த்தையாகிவிட்டது. நன்னாரி என்ற பெயருக்குள் அந்தப் பழைய நாற்றம் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

இந்தக் கொடிக்கு ஆங்கிலத்தில் இந்தியச் சார்சபரில்லா என்று பெயர். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அசல் சார்சபரில்லா மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஸ்மைலாக்ஸ் இனத்து முட்கொடி. சார்சா என்றால் ஸ்பானிய மொழியில் முட்புதர். நம் நன்னாரியில் ஒரு முள்கூடக் கிடையாது. இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. நன்னாரி இருவித்திலைத் தாவரம், ஸ்மைலாக்ஸ் ஒருவித்திலைத் தாவரம். ஸ்மைலாக்ஸின் உறவுக்கொடி ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே இருக்கிறது, நன்னாரியை அதற்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் ஒன்றென்று சொல்லமாட்டார்கள்.

பிறகு எப்படி ஒரே பெயர்? வியாபாரம்தான். 1490களின் நடுவில் ஐரோப்பாவில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கொள்ளைபோலப் பரவியது. அன்றைய வைத்தியம் பாதரசம். பல் உதிரும், எச்சில் ஒழுகும், சிலர் மருந்தாலேயே செத்தார்கள். அந்த நேரத்தில் ஸ்பானியர்கள் அமெரிக்காவிலிருந்து சார்சபரில்லா வேரைக் கொண்டுவந்தார்கள். செவில் நகரத்து வைத்தியர் மொனார்தெஸ் 16-ஆம் நூற்றாண்டில் அதைப் புகழ்ந்து எழுதினார். ஜமைக்கா சார்சபரில்லா என்று ஒரு வகை பேர்போனது. அது ஜமைக்காவில் விளைந்ததல்ல, அந்தத் துறைமுகம் வழியாக வந்தது, அவ்வளவே. இதே நோய்க்குக் கிழக்கிலிருந்து போன சரக்கு சீனத்து ஸ்மைலாக்ஸ் கிழங்கு. கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்தா 1563-இல் அச்சான நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் சித்த வைத்தியர்கள் மேகநோய்க்குக் கொடுக்கும் பறங்கிப்பட்டை அந்தச் சீனக் கிழங்குதான். நோய்க்கும் பறங்கிப்புண் என்று ஒரு பெயர் உண்டு. பறங்கி என்றால் ஐரோப்பியர். நோயும் பறங்கி, மருந்தும் பறங்கி.

கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்களுக்கு அமெரிக்க வேரைக் கப்பலில் வரவழைப்பது செலவு. சென்னை ராஜதானியில் வேலைபார்த்த ஐன்ஸ்லி போன்றவர்கள் நாட்டு வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டு மருந்துச் சரக்குகளைப் பதிவு செய்தார்கள். அங்கே நன்னாரி நாட்டுச் சார்சபரில்லா ஆனது. நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை மாதிரி! 1864-இல் வந்த பிரிட்டிஷ் மருந்து நூலிலும் நன்னாரி வேர் இடம்பிடித்தது. அப்புறம் 1868-இல் இந்திய மருந்து நூலிலும்.

சார்சபரில்லா சிபிலிஸைக் குணப்படுத்தியதா என்றால், இல்லை. ஆனால் முந்நூறு வருஷம் நம்பியவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. அந்த நோயின் போக்கு அப்படி. முதலில் வரும் புண் மருந்தே இல்லாமல் சில வாரங்களில் ஆறிவிடும். பிறகு வரும் தடிப்பும் தானாக மறையும். அதன்பின் கிருமி பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். புண் இருக்கும்போது கஷாயம் குடித்தவன், ஆறியதும் யாருக்கு நன்றி சொல்வான்? 1905-இல் கிருமியைக் கண்டுபிடித்தார்கள், 1910-இல் சல்வர்சான் என்ற மருந்து வந்தது, 1943-இல் பென்சிலின் இந்த நோயை அடக்கியது. வேர்களின் மருத்துவ மவுசு அதோடு போயிற்று.

அமெரிக்க வேர் எதற்கும் உதவாது என்று சொல்லிவிட முடியாது. அதில் சார்சசபோஜெனின் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. 1930களின் கடைசியில் ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அதைக் குடைந்து பார்த்துத்தான், செடி ஸ்டீராய்டின் பக்கச் சங்கிலியை வெட்டி ஹார்மோனாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மெக்சிகோ காட்டுவள்ளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் தயாரித்தது அதன் தொடர்ச்சி. இதைப் பாதி கேட்டுவிட்டுச் சிலர், சார்சபரில்லா பொடி தின்றால் ஆண் ஹார்மோன் ஏறும் என்று ஜிம்களில் விற்கிறார்கள். மார்க்கர் அதை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகச் செய்தார். அந்த வேலைக்கான நொதி மனித உடம்பில் இல்லை.

நன்னாரிக்கு ஆய்வு என்ன சொல்கிறது? காசநோய் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1990களில் வேரிலிருந்து பிரித்த ஒரு அமிலம், சுண்டெலிகளில் கண்ணாடிவிரியன் விஷத்தின் சில விளைவுகளைத் தடுத்தது. இரண்டும் நல்ல வேலைகள்தான். ஆனால் எலிக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த சாறு, அளவிட்ட மருந்து. டம்ளர் சர்பத் அல்ல. மனிதர்களிடம் செய்த தரமான சோதனைகள் மிகக் குறைவு. வயல்காட்டில் விரியன் கடித்தால் நன்னாரியை அரைத்துக்கொண்டு நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

'குளிர்ச்சி' என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுண் ரதவீதியில் வேர்த்து விறுவிறுத்து ஒரு சர்பத் குடிக்கிறோம். அதில் தண்ணீர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, புளியங்குடி எலுமிச்சை இருக்கிறது, கேட்டால் ஒரு சிட்டிகை உப்பும் போடுவார்கள். குடல் சுவரில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாக உள்ளே போக ஒரு வாசல் உண்டு, தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேலைசெய்வதும் இப்படித்தான். என் கணக்கில் தெம்பு வருவது பெரும்பாலும் இதனால். நன்னாரியின் பங்கு அந்த வாசம், இன்னும் ஒரு டம்ளர் கேட்கவைப்பது. ஆனால் கடைச் சர்பத்தில் சர்க்கரை ஓ.ஆர்.எஸ்.ஸைவிடப் பல மடங்கு, சர்க்கரை நோயாளிகள் வேர் ஊறிய பானைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போன வருஷம் ஒரு நாட்டுமருந்துக் கடையில் நன்னாரி என்று சொல்லிக் கட்டிக்கொடுத்ததை வீட்டில் பிரித்தால், விரல் தடிமனுக்குச் சதைப்பற்றான வேர். மாகாளி! ஊறுகாய் போடும் அதே மாகாளிக் கிழங்கு. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அதிலும் அதே மூலக்கூறுதான். ஆப்பிரிக்காவில் மோண்டியா என்ற கொடியின் வேரிலும் அதுவே இருக்கிறது. மூன்றும் ஒரே துணைக்குடும்பம். சர்பத்துக்கு மாகாளி மோசமில்லை, ஆனால் மலையில் அளவில்லாமல் தோண்டித் தோண்டி அது அருகிவருகிறது.

இப்போதெல்லாம் கட்டிலிருந்து ஒரு வேரை உருவி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். நன்னாரி என்றால் ஒல்லியாக, கருஞ்செம்மையாக இருக்கும், குறுக்கே பட்டை வெடித்திருக்கும், ஒடித்தால் பட்டை உதிர்ந்து உள்ளே அந்த வெள்ளைக் குச்சி நிற்கும். அண்ணாச்சி முறைப்பார். ஒடித்த வேருக்கும் சேர்த்தே எடை போடச் சொல்லிவிடுவேன்.