மேலே இருப்பவர் முதலில் சொல்ல வேண்டும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் குடிநீர்த் திட்டங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயிற்சி வகுப்பில் ரைன், மீகொங் என்று பல நாடுகளைத் தாண்டி ஓடும் ஆறுகளைப் பற்றி ஆரம்பித்தால் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "நம்ம நாடு தீவுதானே சார், நமக்கு எதுக்கு இதெல்லாம்?"

நியாயமான கேள்வி. நம் ஆறுகள் எல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே கடலில் சேர்கின்றன. ஆனால் மேல் டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) மரக்கறித் தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து ஒரு மழைக்குக் கீழ் டிவிசன் பீலிக்கு, அதாவது குடிதண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு, வந்துவிடுகிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஓயாக்கள் (சிற்றாறுகள்) சேர்ந்து ஓடும் களனி கங்கையைத்தான் கொழும்பு குடிக்கிறது. மகாவலியோ திருகோணமலை வரை போகிறது. ஆக, நாம் இருப்பது மேல் பக்கம். மேல் பக்கத்து நாடுகள் செய்ததும் செய்யத் தவறியதும் அதனால்தான் நமக்கு வேண்டியிருக்கிறது.

1986 நவம்பர் 1 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் களஞ்சியம் தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீரோடு டன் கணக்கில் பூச்சிமருந்து ரைனுக்குள் போய், சாயம் கலந்து ஆறே சிவந்து, விலாங்கு மீன்கள் லட்சக்கணக்கில் செத்தன. கீழே பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து. செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ தாமதமாக. வேடிக்கை என்னவென்றால், ரைனைக் காக்கும் சர்வதேச ஆணைக்குழு 1950இலேயே இருந்தது! ஆணைக்குழு இருப்பது வேறு, நடுச்சாமத்தில் கீழே உள்ளவனைக் கூப்பிட்டு எழுப்புவது வேறு. அடுத்த வருடமே பெரிய செயற்திட்டம் போட்டார்கள், எச்சரிக்கை முறையைப் பலப்படுத்தினார்கள், 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்பி வர வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். மீன் வந்தது, பழைய அளவுக்கு இல்லை என்றாலும்.

மீகொங்கில் இது இன்னும் மெதுவாக நடந்தது. லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கும் 1995இல் ஆணைக்குழு அமைத்தன. தலைமாட்டில் அணைகள் கட்டிய சீனா அதில் உறுப்பினர் இல்லை. 2002இல் வெள்ளக் காலத்து நீர்மட்டத் தரவை மட்டும் தர ஒத்துக்கொண்டது, வருடம் முழுவதற்குமான தரவு என்றால் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த சிந்து நதி ஒப்பந்தத்தை (1960) எல்லோரும் ஆறுகளைப் பங்கிட்ட கணக்காகத்தான் பேசுகிறார்கள். இரு தரப்பு ஆணையாளர்கள் தகவல் பரிமாறுவதும் அதற்குள் இருக்கிறது, போர்களுக்கு நடுவிலும் அது ஓடியது. 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தபோது கீழே உள்ள பாகிஸ்தானுக்கு அந்தத் தகவல் வழியும் அடைபட்டது.

என் கணிப்பில், தண்ணீரைப் பங்கிடுவது அப்புறம் வரட்டும். தகவல் முதலில் போகட்டும், அதுவும் கேட்காமலே.

நம் தோட்டங்களுக்கு இதற்குப் பெரிய செலவு கிடையாது. மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் பொது வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்துக்கொண்டு, மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் மாலையே என்ன மருந்து, எந்த ஓடைப் பக்கம், எத்தனை மணிக்கு என்று போட்டுவிடுங்கள். மருந்துத் தொட்டி கழுவும் நாளையும் போடுங்கள். மழை திடீரென்று கொட்டி மருந்து வழிந்துவிட்டால் குழுவில் எழுதிவிட்டுச் சும்மா இருக்காமல், கீழ் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பீலிக்குப் பொறுப்பானவரை நேரே போனில் கூப்பிடுங்கள், குழாயை மூடட்டும்.