சைடு எஃபெக்ட்: பக்கவிளைவா, புறவிளைவா?

காய்ச்சலுக்கு விழுங்கிய மாத்திரை வயிற்றைப் புரட்டினால் அது பக்கவிளைவு. யாரும் கேட்காமல் கூடவே வந்து சேர்வது. மருத்துவத்தில் இச்சொல் மிகப் பொருத்தம். நிரலாக்கத்தில் 'சைடு எஃபெக்ட்' என்பதையும் இதே சொல்லால் பெயர்த்துக்கொண்டோம், அங்கேதான் இடிக்கிறது.

'எஃபெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'செய்து முடித்தது' என்பது அதன் வேர்ப்பொருள். ஒரு செயற்கூறு (உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல்துண்டு, 'ஃபங்ஷன்'), விடையைத் தருவதோடு நில்லாமல் தனக்கு வெளியே எதையேனும் மாற்றினால் அதை 'சைடு எஃபெக்ட்' என்பது 1960களில் அல்கால் என்ற பழைய நிரல்மொழி பற்றிய விவாதங்களிலேயே உண்டு.

ஹாஸ்கெல் போன்ற செயற்கூற்று நிரல்மொழிகளில் இது பெரிய சங்கதி. தூய செயற்கூறு ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் தரும். இரண்டையும் மூன்றையும் எத்தனை முறை கூட்டினாலும் ஐந்து, யாருக்கும் நட்டமில்லை. மின்னஞ்சலை இருமுறை அனுப்பினால் வாடிக்கையாளருக்கு இரண்டு அஞ்சல் போய்ச் சேரும். போதாததற்கு, ஹாஸ்கெல் சோம்பல் மொழி: விடை தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது, ஆகவே எது முன், எது பின் என்று நாம் நம்பியிருக்க முடியாது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையோ (1982) வரிசையில் கறாரானது. முதலில் அனுப்புநர், அடுத்துப் பெறுநர், அதன் பிறகே கடிதம். முறை தப்பினால் வழங்கி ('சர்வர்') 503 என்ற பிழைக்குறியீட்டைச் சொல்லித் திருப்பிவிடும்.

ஆகவே ஹாஸ்கெலில் அஞ்சல் அனுப்பும் செயற்கூறு அஞ்சலை அனுப்புவதில்லை; 'இன்னின்னதைச் செய்' என்னும் குறிப்பை 'ஐஓ' (உள்ளீடு-வெளியீடு) என்ற வகையில் பொதிந்து தருகிறது. அந்தக் குறிப்பு 'மெயின்' என்னும் தலைமை நிரலோடு கோக்கப்பட்டால்தான் அஞ்சல் கிளம்பும். குறிப்புகளை வரிசை குலையாமல் கோக்கும் மோனாடு முறை 1996இல் வந்த 1.3 பதிப்பில் மொழியின் வரையறைக்குள் நுழைந்தது.

இப்போது சொல்லுங்கள், அந்த அஞ்சல் பக்கவிளைவா? நிரலை எழுதியதே அதற்காகத்தானே! அது பக்கத்தில் நிகழவில்லை, வெளியில் நிகழ்கிறது. எனவே 'புறவிளைவு' என்பதே என் பரிந்துரை. கணக்கு அகத்தில், அஞ்சல் புறத்தில் என்று பிரித்துக் காட்ட நமக்குப் பழகிய இணை கைவசம் இருக்கிறது. 'வெளிவிளைவு' என்றும் சொல்லலாம்தான். வெளியீடு என்பதோடு குழம்பும்.

பயன்பாடு: 'இந்தச் செயற்கூறு புறவிளைவற்றது, தாராளமாக மறுபடி அழைக்கலாம்.'